கூண்டு மாமா திறந்துவிட்ட பறவைகள்

அந்த மனிதர் முதல் தடவை எங்கள் பள்ளிக்கூட ஆபீசுக்குள் நுழைந்தபோது, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். காக்கிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், விரல் நகங்களில் கிரீஸ் கறை. எங்கள் பள்ளியில் லிஃப்ட்டே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கையில் ஒரு காலிப் பறவைக் கூண்டு வைத்திருந்தார்.

"பிள்ளைங்ககிட்ட கொஞ்சம் பேசணும் மேடம்."

"எதைப் பத்தி?"

"கூண்டைப் பத்தி."

"கூண்டு விக்கிறீங்களா?"

"இல்ல மேடம். கூண்டு வேணாம்னு சொல்ல வந்திருக்கேன்."

நான் இந்த ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. பிள்ளைகளுக்கு நல்லது சொல்கிறேன் என்று வருகிறவர்களை மூட்டை மூட்டையாகப் பார்த்தாயிற்று. பல் தேய்க்கச் சொல்லித்தர வந்த ஒருவர், கடைசியில் வகுப்புக்கு வகுப்பு பிரஷ் விற்றுவிட்டுப் போனார். அதனால் யார் வந்தாலும் முதலில் ஒரு முறை முறைப்பது என் வழக்கம். இவரையும் முறைத்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கூண்டைத் தரையில் வைத்துவிட்டு, சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, "எப்ப வரட்டும்னு சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றார். இரண்டு மணி நேரம் இருந்தார். கடைசியில் எங்கள் ஹெச்.எம். அம்மா, ஆள் நகர்ந்தால் போதும் என்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பீரியடில் யார் என்ன சொன்னாலும் பிள்ளைகள் காதில் ஏறாது, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் இவர் சொன்னது ஏறியது. எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பேச்சு வராத மனிதர். "நான் வாத்தியார் இல்ல, லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் ஒரு கயிற்றை எடுத்துத் தரையில் சின்னதாக வளையம் போடுவார். ஒரு பிள்ளையை அதற்குள் நிற்கச் சொல்வார். "கையை விரிம்மா." விரித்தால் கை கயிற்றுக்கு வெளியே போகும். "வெளிய போகக் கூடாது." பிள்ளை கையை மடக்கிக்கொள்ளும். அப்படியே மீதி வகுப்பு முழுக்க அந்தப் பிள்ளை நிற்க வேண்டும். மற்றவர்களிடம் அவர் பறவையின் இறக்கையைப் பற்றி, எலும்பு ஏன் லேசாக இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். மணி அடிக்கும்போது வளையத்துக்குள் நிற்கும் பிள்ளையிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். அவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் அவருக்குக் கூண்டு மாமா என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம்.

இரண்டரை மணிக்கு வகுப்பு என்றால் மனிதர் ஒன்றே முக்காலுக்கே வந்து என் மேஜை எதிரே உட்கார்ந்துவிடுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. வேலையைப் பார்ப்பேனா, இவருக்கு முகம் கொடுப்பேனா? பிறகு டீ வாங்கும்போது இரண்டாக வாங்கச் சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்த டீ வேளையில்தான் அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கம்பெனியில் எல்லாரும், இவர் ஒரு தடவை லிஃப்ட்டுக்குள் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டதில்தான் புத்தி கலங்கிக் கூண்டுப் பைத்தியம் ஆனார் என்று சொல்வார்களாம். "அதெல்லாம் கதை மேடம். அந்த நாலு மணி நேரமும் நல்லா தூங்கினேன்" என்றார். உண்மையில் நடந்தது வேறு. ஒரு வீட்டு லிஃப்ட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். வராந்தாவில் ஒரு கிளி. தன் மார்பு இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு வெறும் தோலோடு உட்கார்ந்திருந்ததாம். நோயா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், "நோயெல்லாம் இல்ல, சும்மா இருக்க முடியாம பிடுங்கிக்குது" என்றாராம். அந்தச் "சும்மா"வை அவரால் விழுங்க முடியவில்லை. அதற்கப்புறம் லிஃப்ட் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் கூண்டைக் கண்டால் பேச ஆரம்பித்தார். வந்த வேலையைப் பாருங்கள் என்று திட்டு வாங்கினார். கம்பெனிக்குப் புகார் போனது. பெரியவர்களிடம் பேசுவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று பிள்ளைகளிடம் வந்தார்.

மனைவி, மகன் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம். "பேரன் பிறந்திருக்கான், பார்த்துட்டு வர்றேன்னு போனா. இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கா" என்றார் ஒரு நாள். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போறப்ப ஒன்னு கேட்டா மேடம். இருபது வருஷம் லிஃப்ட், இப்போ பறவை, நான் எப்பன்னு. பதில் சொல்லத் தெரியல." மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வானாம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வேற என்ன, வேற ஒன்னுமில்ல. அதோடு சரி.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவர் பேசுவது லிஃப்ட்டோடுதான் என்று நான் கேலி செய்வேன். அவர் மறுத்ததில்லை.

ஒரு வருஷம் போனது. பிள்ளைகள் சும்மா இல்லை. வீட்டில் லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தவர்கள் அப்பா அம்மாவைத் துளைத்து எடுத்தார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்பில் மொத்தம் பதினேழு பேர் பறவையை விட்டுவிடத் தயார் என்றார்கள். கூண்டு மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் கூண்டோடு பள்ளிக்கு வருவது, ஒன்றாகத் திறந்துவிடுவது என்று முடிவானது. ஹெச்.எம். அம்மா பத்திரிகைக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பதினேழு பேரில் கடைசியாக ஒத்துக்கொண்டவள் ஒரு பெண். ஐந்தாம் வகுப்பு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டதால் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். அவளிடம் மஞ்சள் தலையோடு ஒரு பச்சைப் பறவை இருந்தது. பட்டாணி என்று கூப்பிடுவாள். அவள் தோளில் உட்கார்ந்து கண்ணாடிக் காம்பைக் கொத்திக்கொண்டிருக்குமாம்.

"அது என் தோள்லதான் மாமா தூங்கும். வெளிய போனா எங்க தூங்கும்?" என்று என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டாள்.

"மரத்துல தூங்கும்மா."

"அதுக்கு மரம் தெரியாதே?"

"பறவைக்கு மரம் தெரியாம இருக்குமா? நீ ஜன்னல்ல ஒரு கிண்ணத்துல தானியமும் தண்ணியும் வை. உன்னைப் பார்க்க வரும்."

அந்தக் கேள்வியைப் பத்து வயசுப் பிள்ளை கேட்டாள். நாற்பத்தெட்டு வயசு மனிதருக்கும், எனக்கும், எம்.ஏ. படித்த ஹெச்.எம்.முக்கும் அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

வெள்ளிக்கிழமை பதினேழு கூண்டும், கூண்டுக்கு ஒரு பறவையோடு, மைதானத்தில் வரிசையாக நின்றன. மூன்று எண்ணியதும் கதவுகள் திறந்தன. பாதிப் பறவைகள் வெளியே வரவே இல்லை. பிள்ளைகள் கூண்டைத் தட்டி விரட்டினார்கள். பட்டாணி திரும்பத் திரும்ப வந்து கேள்விக்குறியின் தலையில் உட்கார்ந்தது. அவள் அழுதுகொண்டே அதைத் தூக்கி மேலே விட்டாள். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். என் கை வலிக்கும்வரை தட்டினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கூண்டு மாமா மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் போட்டோ வந்தது.

திங்கட்கிழமை காலை அவர் போன் செய்தார். அதற்கு முன் செய்ததே இல்லை. மாடியில் பறவை செத்துக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லிஃப்ட்டின் மோட்டார் அறை மொட்டை மாடியில்தான் இருக்கும். அதனால் யாரும் ஏறாத மொட்டை மாடிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்று பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் வேலை. மேலே போனால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு நீலப் பறவை கிடந்திருக்கிறது. காக்கை கொத்தின மிச்சம். பக்கத்து மாடியில் வெள்ளை ஒன்று, உடம்பில் காயமே இல்லாமல், பட்டினியில் சுருண்டு. வியாழக்கிழமை வரை நாலு நாளும் அவர் லீவு போட்டுவிட்டு, தெரிந்த வாட்ச்மேன்களிடம் கெஞ்சி மாடி மாடியாக ஏறி இறங்கினார். ஒன்பது உடல்கள் கிடைத்தன. இரண்டு உயிரோடு கிடைத்தன. மிச்சம் ஆறு என்ன ஆனதென்று தெரியவில்லை.

அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடியிருக்கிறார். டாக்டர் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். "யாரைக் கேட்டுத் திறந்தீங்க? இது இந்த ஊர்ப் பறவையே இல்ல. தலைமுறை தலைமுறையா கூண்டுல பொரிச்சது. இரை தேடத் தெரியாது, காக்கையப் பார்த்தா ஒளியத் தெரியாது. வாங்காதீங்கன்னு சொல்லணும். வாங்கினதை இப்படித் திறந்து விடக் கூடாது. நல்ல மனசு இருந்தா மட்டும் போதுமா?"

இதையெல்லாம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு என் எதிரே உட்கார்ந்து சொன்னார். டீயைத் தொடவில்லை.

"பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம்."

"சொல்லாதீங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதீங்க. செத்தது செத்துப்போச்சு. பிள்ளைங்க சந்தோஷமா இருக்குதுங்க. அது பாட்டுக்கு மறந்துடும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா சொல்றீங்க?" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை அப்போது நான் கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் மறக்கவில்லை. பதினேழு ஜன்னல்களில் பதினேழு கிண்ணம். குருவி வந்தது, அணில் வந்தது என்று மற்றவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். கேள்விக்குறி மட்டும் ஒரு நோட்டு போட்டாள். ஒவ்வொரு நாளும் தேதி எழுதி, பக்கத்தில் "வரவில்லை." வெள்ளிக்கிழமைதோறும் அந்த நோட்டை எடுத்து வந்து ஆபீஸ் வாசலில் நின்று அவரிடம் காட்டுவாள்.

"இன்னும் எத்தனை நாள் மாமா ஆகும்?"

"வரும்மா."

"வழி மறந்திருக்குமா?"

"வரும்மா, வரும்."

நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இப்படி ஐந்து வாரம் ஓடியது.

ஆறாவது வாரம் ஹெச்.எம். அம்மா பூரிப்போடு வந்தார். போட்டோவைப் பார்த்து இன்னும் மூன்று பள்ளிகள் சேர்ந்துவிட்டனவாம். அடுத்த மாதம் ஐம்பது கூண்டு. பெரிய மைதானம், மேடை, மைக். அழைப்பிதழுக்கு வாசகம் தயார் செய்யச் சொல்லி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கூண்டு மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"அம்மா, அது வேண்டாம்மா." நடந்ததைச் சொன்னார்.

ஹெச்.எம். கதவைச் சாத்தினார். "ஐம்பது கூண்டு வேண்டாம், சரி. ஏதாவது காரணம் சொல்லிக்கலாம். ஆனா பிள்ளைங்க காதுக்கு இது போகக் கூடாது. பெத்தவங்க என்னைப் பிச்சுப் பிடுங்கிடுவாங்க. நீங்க வாயைத் திறந்தா, அதுக்கப்புறம் இங்க வர வேண்டியிருக்காது. புரியுதா?"

"புரியுதும்மா" என்றார்.

எனக்கும் நன்றாகப் புரிந்தது. அவருக்கு ஊரில் வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை மிஞ்சும். ஆனால் பறவையைத் திறந்துவிடுவது நல்ல காரியம் என்று அவரே சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், அதை அத்தை பிள்ளைக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். கூண்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டுதான் இருக்கும். மேடையும் மைக்கும் அதற்குத் தேவையில்லை.

அன்று இரண்டரைக்கு அவர் ஐந்தாம் வகுப்புக்குப் போனார். கயிற்றை எடுக்கவில்லை. நான் வருகைப் பதிவேட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"நான் வாத்தியார் இல்ல. தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். மாடிகளைப் பற்றிச் சொன்னார். காக்கையைச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். "கடையில போய்ப் பறவை வாங்காதீங்க. ஏற்கெனவே வீட்டுல இருந்தா வெளிய விடாதீங்க. பெரிய இடமா குடுங்க, துணையோட வைங்க, கடைசி வரைக்கும் பார்த்துக்குங்க. யாராவது திறந்து விடுறேன்னு சொன்னா, கூண்டு மாமா பண்ணின தப்பைச் சொல்லுங்க." ஒன்றையும் பூசி மெழுகவில்லை. முன் வரிசையில் ஒரு பையன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தான்.

கேள்விக்குறி எழுந்து நின்றாள்.

"பட்டாணியும் செத்துப்போச்சா மாமா?"

"மஞ்சத் தலை பச்சையை நான் எங்கயும் பார்க்கலம்மா. ஆனா உயிரோட இருக்கும்னு நான் நினைக்கல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"விட்ட மூணாவது நாளே."

"போன வெள்ளிக்கிழமை கேட்டேனே. வரும்னு சொன்னீங்களே?"

அவள் கத்தவில்லை. கணக்கு ஏன் சரியாக வரவில்லை என்று கேட்கிற குரல்தான். பறவைகளைக் கொன்றது அறியாமை என்று மன்னித்துவிடலாம். அந்த ஐந்து "வரும்மா"வை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதில் பாதி என் வாயிலிருந்து போனது. மணி அடித்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொள்ளாமல், சுவரை ஒட்டி ஒதுங்கி வெளியே போனார்கள்.

சனி ஞாயிறு முழுக்க ஹெச்.எம். வீட்டுக்குப் போன். ஐம்பது கூண்டு நிகழ்ச்சி நின்றுபோனது. மற்ற மூன்று பள்ளிகளும் விஷயம் தெரிந்து பின்வாங்கின. திங்கட்கிழமை நான் ஒரு கடிதம் டைப் அடித்தேன். தங்கள் சேவைக்கு நன்றி, இனி தங்கள் வருகை தேவைப்படாது என்று இரண்டே வரி. தபாலில் அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் செய்தேன்.

அவர் வருவதற்குச் சற்று முன்னால் கேள்விக்குறி ஆபீசுக்கு வந்தாள். வகுப்பு நேரம். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அந்த மாமா இன்னைக்கு வருவாரா?"

"வருவார். ஏன்?"

"அவர் சொல்ற எதையும் இனிமே நம்ப மாட்டேன்னு சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன், இப்ப வந்துடுவார்."

"நான் அவர்கூடப் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் வந்தார். கூண்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்தது விநோதமாக இருந்தது. கடிதத்தைப் படித்தார், இரண்டு வரிக்கு வெகுநேரம். நாலாக மடித்துச் சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உயிர் தப்பிய இரண்டு பறவைகளுக்காக வீட்டில் ஒரு அறையைக் காலி பண்ணி வலை அடித்திருக்கிறாராம். அக்கம்பக்கத்தில், ஊருக்கு உபதேசம் செய்தவர் வீட்டிலேயே கூண்டா என்று சிரிக்கிறார்களாம். சாயங்காலத்தில் பறவைக் கடை வாசலில் நின்று, வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பார்க்கிறாராம். "நேத்து ஒருத்தர் நின்னு கேட்டார். அப்புறம் ரெண்டு பறவை வாங்கிட்டுப் போனார்" என்றார்.

பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாளா மேடம்?"

ஹெச்.எம். மீட்டிங்கில் இருக்கிறார், கடிதம் நேற்றே போய்விட்டது, பையன் நன்றாகப் படிக்கிறான் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்லாத பொய் கிடையாது. இன்னொன்று சொன்னால் குறைந்துபோக மாட்டேன். உங்களைக் கேட்டாள், வருத்தமாக இருக்கிறாள் என்று சொன்னால் அந்த முகம் கொஞ்சம் தெளியும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வகுப்பில் அவர் நின்ற நிலை கண்ணிலேயே இருந்தது. அந்த மனிதரிடம் மறுபடி ஒரு "வரும்மா" சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நீங்க சொல்ற எதையும் இனிமே நம்ப மாட்டாளாம். உங்ககூடப் பேச மாட்டாளாம்."

அவர் தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கா."

"சொல்லாதீங்கன்னு உங்களைத் தடுத்தது நான்தானே. அதை அவகிட்ட நான் சொல்றேன்."

"வேண்டாம் மேடம். நீங்க சொன்னதாலயா நான் சும்மா இருந்தேன்? யாராவது அப்படிச் சொல்ல மாட்டாங்களான்னுதான் அன்னைக்கு உங்ககிட்ட வந்தேன்." சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுக்கொண்டார். "உண்மையைச் சொன்னா வெள்ளிக்கிழமை போயிடும்னு தெரியும். வாரத்துல அந்த ஒரு நாள்தான் மேடம் நான் வருவேன்னு யாராவது எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

எழுந்து, பெஞ்சைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, வாசலை நோக்கிப் போனார். நானும்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றே முக்கால் ஆனால் என் கண் தானாக வாசலுக்குப் போகும் என்று சொல்லியிருக்கலாம். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் நான். அவர் கேட்டைத் தாண்டித் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.